ஒரே ஒரு இடம் மாறியதால்

சர்க்கரை எரியும்போது செல்லுக்குள் உருவாகும் பொருள்களை வெறும் சாம்பலாகத்தான் நெடுநாள் நினைத்திருந்தேன். அவை செல்லுக்குக் கட்டளையும் இடுகின்றன!

சில மூளைக் கட்டிகளில் சர்க்கரை எரிப்பில் பங்குபெறும் ஐடிஎச்1 என்ற நொதியின் 132ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிவிடுகிறது. அவ்வளவுதான். ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் என்ற பொருளைத் தயாரிக்க வேண்டிய நொதி, அதையே 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேறொரு பொருளாக ஆக்கிவிடுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாயல். அதனால் டிஎன்ஏ மேலுள்ள மீதைல் குறிகளை (மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேதி அடையாளங்களை) அழிக்கும் நொதிகளில், அசல் பொருள் உட்கார வேண்டிய இடத்தில் இந்தப் போலி போய் உட்கார்ந்துகொள்கிறது. குறிகள் குவிகின்றன, செல் முதிராமல் பெருகிக்கொண்டே போகிறது.

மாறிய நொதி இந்தப் போலியைத் தயாரிப்பதை 2009இல் கண்டுபிடித்தார்கள். அப்புறம் 15 வருடக் காத்திருப்பு. 2024 ஆகஸ்டில்தான் இந்த நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மெதுவாக வளரும் கட்டி உள்ளவர்கள் அறுவைக்குப் பிறகு தினம் ஒன்று விழுங்கினால், கதிர்வீச்சையும் கீமோவையும் தள்ளிப்போட முடிகிறது. எத்தனை வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய அவகாசம்!