ஒட்டடைக் கம்பில் கட்டிய மைக்

காட்சித் தொடர்பியல் இறுதியாண்டில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துத் தர வேண்டியிருந்தது. இயக்கத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் போட்டி இருந்ததே தவிர, ஒலிப்பதிவை யாரும் கேட்டு வாங்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அது என் தலையில் விழுந்தது.

பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த காலத்தை ஒரு பாட்டி பேரனிடம் சொல்வதுதான் கதை. வேலூர்க் கோட்டை அகழியோரம் ஒரு காட்சி எழுதியிருந்தோம். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் படப்பிடிப்புக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று தெரிந்தபோது, எங்கள் கையில் பத்து நாள்கூட இல்லை. காட்சியை ஆற்று மணலுக்கே மாற்றினோம். கதைக்கும் அதுதான் பொருத்தம்.

வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளைச் சத்துவாச்சாரியில் நண்பன் ஒருவனின் வீட்டில் எடுத்தோம். நடித்தவர் அவனுடைய பாட்டி. முறையான பூம் கம்பு இல்லாததால் ஒட்டடைக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, சட்டகத்துக்குள் நுழையாமல் அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். மின்விசிறியின் இரைச்சல் பதிவாகும் என்பதால் பங்குனி வெயிலிலும் அதை நிறுத்தச் சொன்னேன். நண்பர்கள் என்னை வெறுத்தது அந்த இரண்டு நாள்களில்தான். பேரனாக நடித்தவனின் சட்டை ஒரு ஷாட்டில் உலர்ந்தும் அடுத்த ஷாட்டில் முதுகோடு ஒட்டிக்கொண்டும் இருந்ததை எடிட்டிங்கில்தான் பார்த்தோம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஆறாவது டேக்கும் வீணானபோது, "ஏன் நைனா, ஒரே சொம்புத் தண்ணிய எத்தினி வாட்டி ஊத்தறது?" என்று பாட்டி கேட்டார்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டைகள் ஓடியதற்குக் கேமராவைத்தான் முதலில் திட்டினோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவ்விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 1/60 நொடியில் இருந்த ஷட்டர் வேகத்தை, அந்த ஏற்ற இறக்கம் இரண்டு முறை முழுதாக அடங்கும் 1/50 நொடிக்கு மாற்றியதும் பட்டைகள் மறைந்தன.

என் பிழை இதைவிடப் பெரியது. படமும் ஒலியும் தனித்தனிக் கருவிகளில் பதிவாகும்போது, கிளாப் பலகை மூடும் பிரேமையும் ஒலியலையில் அந்தச் சத்தம் முள்ளாக எழும் இடத்தையும் பொருத்தினாலே இரண்டும் இணைந்துவிடும். வீட்டுக்குள் எடுக்கும் சின்னப் படத்துக்குக் கிளாப் எதற்கு என்று முதல் நாள் நான் விட்டுவிட்டதால், பாட்டியின் உதட்டசைவைப் பார்த்தே ஒவ்வொரு டேக்கையும் ஒட்ட வேண்டியதாயிற்று. மூன்று இரவுகள் அதற்கே போயின. படப்பிடிப்பின் இரண்டாம் நாள் பலகை வாங்கக் காசில்லாமல் வெறும் கையைத் தட்டினேன். அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று மாலை எல்லோரையும் அசையாமல் உட்காரவைத்து, வெற்று அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்தேன். வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடங்களில் விழுந்த பள்ளங்களை அந்த ஒலியால்தான் நிரப்பினோம். சட்டை விஷயத்துக்கு மட்டும் வழியில்லை. அது அப்படியே படத்தில் இருக்கிறது.