கடன் வாங்கிய கதிரை

ஆண்டு இறுதி விடுமுறையில் திருகோணமலையில் நம் கல்லூரியின் உடைந்த கதிரைகளும் வாங்குகளும் வேப்பமரத்தடிக்கு வந்துவிடும். அவற்றைச் சீர்செய்யப் பாலையூற்றிலிருந்து, போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கித் தச்சர் தம் மகனோடு வருவார். அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். வாயில் இரண்டு ஆணியைக் கவ்வியபடியே மகனிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொல்வார். ஒன்றும் விளங்காது, இடையிடையே மேசை, கதிரை, யன்னல் என்று மட்டும் காதில் விழும். "அங்கிளுக்குச் சொல் போதவில்லை, நம்மிடம் கடன் வாங்குகிறார்" என்று வகுப்புத் தோழன் ஒருவன் கண்டுபிடித்தான். மதிலில் இருந்தபடி விழுந்து விழுந்து சிரித்தோம். கோணேசர் கோயிலைப் பறங்கி இடித்தான் என்று படித்த பிள்ளைகள் அல்லவா, அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பழியும் இருந்தது.

யார் யாரிடம் கடன் வாங்கியது என்று தெரிய எனக்கு 52 வயதாக வேண்டியிருந்தது. ரொறன்ரோவில் ஒரு குளிர்காலம், சமூகக் கல்லூரி மாலை வகுப்பில் ஸ்பானிய மொழிக்குப் பதிந்தேன். ஆசிரியை வகுப்பிலுள்ள பொருட்களைக் காட்டிப் பெயர் சொன்னார். மேசைக்கு ‘மேசா’. சப்பாத்துக்கு ‘சபாத்தோ’. துணிவு வந்துவிட்டது. கதிரையில் கை வைத்ததும் கேட்காமலே ‘கதேரா’ என்றேன். ஆசிரியைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஸ்பானியத்தில் அது இடுப்பு! ‘கதெட்ரா’ என்ற இலத்தீன் இருக்கை அங்கே உடம்பில் ஏறிவிட்டது. பிரெஞ்சில் ‘ஷேஸ்’ என்று அடையாளம் தெரியாமல் தேய்ந்துவிட்டது. போர்த்துக்கேயத்தில் அது கதிரையாகவே நிற்கிறது: ‘கதெய்ரா’. அடுத்த தவணை அந்த வகுப்புக்கே மாறிக்கொண்டேன்.

அதன் பிறகு அம்மாவின் வீடு முழுவதும் பாடப்புத்தகத்தில் வந்தது. யன்னல், அலமாரி, தாச்சி, துவாய், லேஞ்சி, காலைப் பாண், கிணற்றடியில் சாத்திவைத்த அலவாங்கு. சாவியும் அவர்களுடையதே, ஆனால் அதை இந்தியத் தமிழர்தான் வைத்திருக்கிறார்கள், நமக்குத் திறப்பு. 1622 இல் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே 1624 இல் கோட்டை கட்டியவர்களை 1639 இல் ஒல்லாந்தர் துரத்திவிட்டார்கள். தளபாடங்களின் பெயர்களை யாரும் துரத்தவில்லை.

நாம் சும்மா வாங்கிக்கொண்டதாகவும் இல்லை. கிழக்கிலங்கைப் பறங்கியரின் பேச்சில் வினைச்சொல் தமிழைப் போல வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. லிஸ்பனில் அப்படிப் பேச மாட்டார்கள். சொல் அவர்களுடையது, அடுக்கு நம்முடையது. அங்கிளின் பேச்சு ஏன் விளங்காமலே நமது பேச்சைப் போலக் கேட்டது என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது பாலையூற்றுக்கும் போனேன். அங்கிள் இல்லை. மகள் இருந்தார். படித்த பெருமையில், ஒரு கோப்பை தண்ணீர் வேண்டும் என்று வகுப்பில் பழகிய ஒழுங்கில் போர்த்துக்கேயத்தில் கேட்டேன். அக்கா புருவத்தை உயர்த்தினார். பிறகு அதே வாக்கியத்தைத் தங்கள் பேச்சில், வினையைக் கடைசிக்குத் தள்ளித் திருத்திச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். கல்லூரி, கட்டணம், தவணை எல்லாவற்றையும் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இதைப் படிக்கவா தம்பி காசு கட்டினீர்?"