பாதை எப்படி வரும்?

திருகோணமலையில் ஒரு திணைக்களத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். பழைய பேச்சில் கிளார்க். பதினாறு வருசமாகக் கடிதம் அடித்துப் பழகிய கை. என் முதல் சிறுகதையில் அம்மம்மா "மேற்படி விடயம் தொடர்பாக" என்று மட்டும்தான் சொல்லவில்லை.

எனக்குத் தமிழ் படிப்பித்த சேர் ஓய்வுபெற்று உப்புவெளியில் இருக்கிறார். கதையை அவரிடம் கொண்டுபோனேன். வாயே திறக்காமல் வாசித்துவிட்டு, 'அவள் கடலை பார்த்து அழுதாள்' என்ற வரியைப் பென்சிலால் சுற்றினார்.

"டச்பே கடற்கரையில அவிச்ச கடலை விக்கிறாங்களே, அதைப் பார்த்தா அழுதவ?"

ஐ உருபுக்குப் பிறகு வல்லினம் வந்தால் ஒற்று மிகும். பள்ளியில் பாடமாக்கினதுதான். ஒரு 'ப்' விட்டுப்போனதில் சமுத்திரமே சுண்டலாகிவிட்டது. அதன் பிறகு இரண்டு கிழமைக்கொருக்கா போய் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

அவருடைய பழைய மாணவி ஒருத்தி என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டா. மட்டக்களப்பு, வவுனியா, சென்னை, ரொறன்ரோ என்று ஒன்பது பேர். வியாழன் கதை, ஞாயிறு அபிப்பிராயம். கந்தோரில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினேன். எல்லோருடைய போனிலும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றித் திரும்பப் போட்டேன். "அருமை அக்கா" நாலு, கைகூப்பல் மூன்று. இதால் ஒருவருக்கும் பிரயோசனமில்லை.

பிறகு சென்னைத் தம்பி கேட்டான்: "அக்கா, 'கிண்ணியாவில் பாதை வரும்வரை காத்திருந்தோம்'னு இருக்கே. பாதை எப்படி வரும்? நாமதானே பாதையில போகணும்?"

முதலில் எரிச்சல்தான் வந்தது. எங்களுக்குப் பாதை என்றால் பஸ்ஸையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு மிதந்து வருவது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அங்கே அதற்கு வேலையில்லை. சேர் மூன்று தரம் வாசித்தும் அந்த வரியில் பென்சில் வைக்கவில்லை. அவரும் அதில் ஏறிப் போனவர்தானே, எப்படிக் கண்ணில் படும்?

தம்பி 'ஃபெர்ரி' என்று மாற்றச் சொன்னான். ரொறன்ரோ அண்ணா அடைப்புக்குறிக்குள் விளக்கம் போடச் சொன்னார். சேரைக் கேட்டேன். "சொல்லை மாத்தாத. அவனை ஏத்திக்கொண்டு போ" என்றார். மூன்று இரவு இருந்து எழுதினேன்: 'பாதை வந்து கரையில் முட்டியது. பஸ் ஏறியதும் எல்லாம் ஒருதரம் அமிழ்ந்து எழும்பியது. அம்மம்மா என் கையை இறுக்கிப் பிடித்தா.'

"இப்ப எனக்கே கால் ஆடுதுக்கா" என்று தம்பியின் குரல் பதிவு வந்தது. கைகூப்பல் நூறு வந்தாலும் அதற்கு ஈடில்லை.

ஒரு பிணக்கு மட்டும் தீரவில்லை. அம்மம்மாவின் 'வாறன்' எல்லாவற்றையும் சேர் 'வருகிறேன்' என்று திருத்தியிருந்தார். மட்டக்களப்புத் தங்கச்சி விடவே மாட்டேன் என்று நின்றாள். சூரை வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"எங்கட அம்மா எப்ப ரேடியோவில செய்தி வாசிச்சவ?" என்றா, தலை நிமிராமல்.

'வாறன்' அப்படியே இருக்கிறது. சேருக்கு இன்னும் சொல்லவில்லை. புதன்கிழமை போகும்போது டச்பேயில் இறங்கி அவிச்ச கடலை கொஞ்சம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.