பழைய விதி, புதிய செயலி: தேரிக்காட்டு நாட்குறிப்பு

ஜூன் 14, 2025, சனிக்கிழமை

நின்று போயிருந்த எங்கள் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டம் நாளை மறுபடி தொடங்குகிறது: ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் போய், பகடை உருட்டி முடிவு காணும் ஆட்டம், நடத்துகிறவன் நான். 2019இல் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஆரம்பித்த கேம்பெயின், அதாவது தொடர்கதை. விதி, 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. 2024இல் அதைத் திருத்திப் புதிய விதி வந்துவிட்டது, நாங்கள் மாறவில்லை. உலகம் மட்டும் நம்ம ஊர், பாளையக்காரர் காலத்து நெல்லைச் சீமை மாதிரி நானே கட்டியது: மேற்கே பொதிகை, நடுவே ஆறு, கிழக்கே தேரி, ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு கோட்டை, ஒவ்வொரு கோட்டைக்கும் பக்கத்துக் கோட்டையோடு தீராத ஒரு வரப்புத் தகராறு. கோப்ளின் (குட்டிப் பூதம்) உண்டு, ஆனால் அவை மணிமுத்தாறுக்கு மேலே மலையில் கிடக்கின்றன, கேட்டால் வரி கட்ட மாட்டோம் என்கின்றன.

அப்போது எல்லாரிடமும் கேரக்டரின் விவரம் எழுதிய காகித ஷீட்தான். பென்சிலால் எழுதி அழித்து அழித்து, ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) எழுதும் கட்டத்தில் ஓட்டையே விழுந்திருக்கும். இப்போது அத்தான் பெங்களூரில் இருக்கிறார், வீடியோவில்தான் வருவார், ஆகவே எல்லாருடைய கேரக்டரையும் ஒரு செயலியில் ஏற்றிவிடுவது என்று முடிவு. அத்தானுடைய விசார்ட் (மந்திரவாதி), மதினியுடைய கிளெரிக் (வைத்தியம் தெரிந்த பூசாரி), பேங்க்கில் வேலை பார்க்கும் நண்பனுடைய ரோக் (பதுங்கி அடிக்கும் திருடன்), மூன்றும் ஆறாம் லெவல். புதிதாக ஒரு தம்பி சேர்கிறான், மேலப்பாளையத்துக்காரன், இன்ஜினியரிங் படிக்கிறான். "அண்ணே, பாலடின் ரெடி, லிங்க் அனுப்பிட்டேன்" என்று மெசேஜ் வந்துவிட்டது. பாலடின் என்றால் புனிதப் போர்வீரன். சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 2019இல் ஒரு கேரக்டர் எழுதி முடிக்க ஒரு சாயங்காலம் போகும்.

ஜூன் 15, ஞாயிறு

தம்பியின் ஷீட்டை இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். பையன் 2024 விதியில் ஒரு பாலடினைச் செய்துகொண்டு 2014 ஆட்டத்துக்கு வந்திருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டியலில் பெயர் பளிச்சென்று இருந்ததை அழுத்தியிருக்கிறான். பழையதும் கீழே இருக்கிறது, 'லெகசி' என்று ஒரு சீட்டு ஒட்டி. எதில் ஆடுகிறீர்கள் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

வித்தியாசம் சின்னதாக இருந்தால் விட்டிருப்பேன். பழைய விதியில் பலம், சுறுசுறுப்பு மாதிரியான ஆறு எண்களுக்குக் கூடுதல் புள்ளி இனத்திலிருந்து வரும், எல்ஃப் என்றால் சுறுசுறுப்புக்கு 2, சாதாரண மனிதன் என்றால் ஆறுக்கும் ஒவ்வொன்று. புதியதில் அது பின்னணிக்குப் போய்விட்டது, கோயில் வேலை பார்த்தவனா, சிப்பாயா, குற்றவாளியா என்பதுதான் புள்ளியைத் தீர்மானிக்கும், கூடவே முதல் லெவலிலேயே ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்) இலவசம். பழைய இனத்தையும் புதிய பின்னணியையும் சேர்த்துப் போட்டால் இரண்டு பக்கமும் புள்ளி வாங்கிவிடலாம் என்று ரோக்கார நண்பன் உடனே கண்டுபிடித்தான் (பேங்க்காரன் புத்தி). அப்படிச் சேர்த்தால் இனத்தின் புள்ளியைக் கணக்கில் எடுக்காதே என்று 2024 புத்தகமே சொல்கிறது, நான் பக்கத்தைக் காட்டியதும் அடங்கிவிட்டான்.

அப்புறம் ஆயுத மாஸ்டரி, ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு தனி வித்தை தரும் புதிய விதி. தம்பியின் நீள்வாளுக்குப் பக்கத்தில் 'சாப்' என்று ஒரு சொல். அடி பட்டவன் அடுத்து வீசும் அடி தடுமாறும், அதாவது டி20யை (இருபது முகப் பகடை) இரண்டு தடவை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். எங்கள் மற்ற மூவருக்கும் இது கிடையாது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று முதல் சண்டை. மாடியில் பாய் விரித்து சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, அத்தானை லேப்டாப்பில் ஒரு ஸ்டூல் மேல் உட்கார வைத்தோம். சாரல் மாதிரி ஒரு தூறல், ஃபேன் வேண்டியிருக்கவில்லை.

பதுங்கித் தாக்குகிற காட்சி. வரி கொண்டுபோகும் வண்டியைக் கொள்ளையடிக்கக் காத்திருந்த கும்பலை நம்மவர்களே பின்னால் போய்ப் பிடித்தார்கள். ரோக் ஒரு அசாசின், ஒளிந்து கொல்பவன். 2014இல் அதிர்ச்சியில் மாட்டியவன் முதல் சுற்றில் அசையவே முடியாது, அசாசின் அடி அவன் மேல் பட்டாலே கிரிட்டிகல், டைஸ் இரட்டிப்பு. 2024இல் அதிர்ச்சி என்றால் இனிஷியேட்டிவ் (யார் முந்தி ஆடுவது) உருட்டும்போது தடுமாற்றம், அவ்வளவுதான், அசாசினுக்கும் வேறு மாதிரி ஈடு கொடுத்திருக்கிறார்கள். நண்பன் பல வருஷமாக இந்த ஒரு அடிக்காகவே கேரக்டரை வளர்த்தவன். நான் பழைய விதிதான் என்றேன், தலைவன் ஒரே குத்தில் விழுந்தான், மாடியில் ஒரே சத்தம், கீழ்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதுவரை சரி. அடுத்த சுற்றில் மதினி வைத்தியம் செய்தார். க்யூர் வூண்ட்ஸ் என்ற காயம் ஆற்றும் மந்திரம், முதல் லெவல் ஸ்லாட் (ஒரு நாளில் இத்தனை மந்திரம் என்ற கணக்கில் ஒன்று). கைபேசியைத் தட்டிவிட்டு என்னிடம் கேட்டார். "என்ன தம்பி, எட்டு முகம் ஒண்ணுதான உருட்டணும்? இது ரெண்டு உருட்டுது!" பார்த்தால், ஷீட்டை ஏற்றும்போது இரண்டு க்யூர் வூண்ட்ஸில் புதியதை எடுத்திருக்கிறார். பழையது 1டி8 (எட்டு முகப் பகடை ஒன்று), புதியது 2டி8. ஹீலிங் வேர்டும் அப்படியே, 1டி4 இருந்தது 2டி4 ஆகிவிட்டது. மதினிக்கு அது பிடித்துப்போனது, மறுக்க மாட்டேன், கிளெரிக்காக ஆடுகிற யாருக்கும் பிடிக்கும்.

பிறகு தம்பி. இரண்டு அடியும் பட்டது, "ரெண்டுக்கும் ஸ்மைட்" என்றான், அதாவது ஸ்லாட்டைச் செலவழித்து அடியின் பலத்தைக் கூட்டும் பாலடின் வித்தை. அவன் இந்த ஆட்டத்தைக் கற்றதெல்லாம் பழைய வீடியோக்களில். அதில் பாலடின் ஒவ்வொரு அடியிலும் ஸ்லாட்டை எரிப்பான், இரண்டாம் லெவல் ஸ்லாட் இரண்டைப் போட்டால் கூடுதலாக 6டி8, சராசரி 27. அவன் ஷீட்டில் இருப்பதோ புதிய டிவைன் ஸ்மைட், அது இப்போது ஒரு ஸ்பெல் (மந்திரம்), முறைக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் தின்னும், ஒரு முறைக்கு ஒரு தடவைதான். "அண்ணே, ரெண்டாவதுக்குப் பட்டன் வேலை செய்யல." பையனுக்கு வேண்டியது பழைய பாலடின், கையில் இருப்பது புதிய பாலடின்.

வீடு அடங்கியபிறகு யோசித்தேன். அதிர்ச்சி விதி எந்த ஷீட்டிலும் கிடையாது, அது டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவன்) வாயில் இருக்கிறது, நான் 2014 என்றால் 2014. வைத்தியமும் ஸ்மைட்டும் ஷீட்டுக்குள் இருக்கின்றன, அங்கே நான் சொல்லாமலே 2024 நடக்கிறது. ஒரே மேசையில் வாய் ஒரு பதிப்பு, கை ஒரு பதிப்பு. கலந்து ஆடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நிறையப் பேர் ஆடுகிறார்கள், இரண்டும் சேரும்படிதான் புதியதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் எதை எதோடு கலப்பது என்பதை மேசையில் இருக்கிற ஐந்து பேர் பேசி முடிவு செய்ய வேண்டும், பட்டியலின் வரிசை முடிவு செய்யக் கூடாது.

ஜூன் 24, செவ்வாய்

அத்தான் கேட்டார்: "மாப்ள, நாளைக்குப் பழசையே தூக்கிட்டான்னா என்ன செய்வ?" நியாயமான கேள்வி, கிட்டத்தட்ட நடந்தும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில், புதிய விதிப் புத்தகமான ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் செப்டம்பரில் வருவதற்கு முன்னால், ஆட்டத்தின் அதிகாரபூர்வத் தளமான டி அண்ட் டி பியாண்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஷீட்டில் இருக்கும் பழைய ஸ்பெல்களும் மந்திரப் பொருள்களும் புதியவையாக மாறிவிடும், பழையது வேண்டுமென்றால் ஹோம்ப்ரூவாக (சொந்தத் தயாரிப்பாக) நீங்களே எழுதிக்கொள்ளலாம். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவர்கள் கொதித்தார்கள். சில நாளில் முடிவு திரும்பப் பெறப்பட்டது, பழையவை 'லெகசி' என்ற பெயரோடு தங்கின.

காகிதப் புத்தகம் என்றால் இந்தப் பயமே இல்லை. 1981 பேசிக் விதியில் இன்றும் ஆடுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, அவர்கள் விதியை அப்டேட் செய்ய யாரும் வரப்போவதில்லை. எதிராளியின் கவசம் 5 என்றால் அட்டவணையில் 14, அந்த எண்ணோ அதற்கு மேலோ உருட்டு, முடிந்தது. இதற்குச் செயலி எதற்கு, ஒரு எக்ஸெல் ஷீட் போதும்.

எங்களுக்கும் ஒரு பிடிமானம் இருக்கிறது. 2023 ஜனவரியில், இந்த விதிகளை வைத்து மற்றவர்கள் புத்தகம் போடும் உரிமம் பற்றிய தகராறு பெரிதாகி, கடைசியில் 2014 விதிகளின் அடிப்படைப் பகுதியை, எஸ்ஆர்டி 5.1 என்பதை, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். அதைத் திரும்ப வாங்க முடியாது. யாரும் அதை வைத்து ஷீட் செய்யலாம், செயலி செய்யலாம், தமிழிலும் செய்யலாம். 2024 விதியின் அடிப்படைப் பகுதியும், எஸ்ஆர்டி 5.2, இந்த வருஷம் ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்துவிட்டது. ஆக அத்தானுக்கு என் பதில்: தூக்கினால் தூக்கட்டும், நாம் எழுதிக்கொள்வோம். அவர் சாஃப்ட்வேர் ஆள், உடனே ஒரு கூகுள் ஷீட் தொடங்கிவிட்டார். எதிராளியின் மந்திரத்தை முறியடிக்கும் கவுண்டர்ஸ்பெல்லுக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறார், ஏனென்றால் புதியதில் எதிராளிக்கு ஒரு சேவிங் த்ரோ (தப்பிக்க ஓர் உருட்டல்) உண்டு, தப்பிக்காவிட்டாலும் அவன் ஸ்லாட் வீணாகாது. பழையதில் மூன்றாம் லெவல் வரைக்கும் உள்ள மந்திரம் பேச்சில்லாமல் அடங்கும். விசார்ட் ஆடுகிறவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஊரெல்லாம் ஆனித் தேர் பேச்சு. டவுன் பக்கம் வண்டியே போக முடியவில்லை, நண்பன் சுற்றி வந்தான், ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது.

இன்று தேரிக்காடு. இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். தேரி பார்க்காதவர்களுக்கு: திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் இரத்தச் சிவப்பில் மணல் மேடு, நடுநடுவே பனை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று இந்த மாதங்களில் அந்த மணலைக் கிளப்பிக் கிளப்பி இடம் மாற்றும், நேற்று இருந்த தடம் இன்று இராது. சின்ன வயதில் பெரியம்மா ஊருக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். என் உலகத்தில் அதைப் பத்து மடங்கு ஆக்கி, நடுவில் மணலில் புதைந்த ஒரு கோட்டையை வைத்திருக்கிறேன்.

இந்தப் பயணம் முழுக்க எக்ஸாஸ்ஷன் விதியின் மேல் நிற்கிறது, அதாவது களைப்பு. பழையதில் ஆறு படி, ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு தண்டனை. முதல் படியில் திறமைச் சோதனைகள் தடுமாறும். இரண்டாம் படியில் வேகம் பாதி. மூன்றில் அடியும் சேவிங் த்ரோவும் தடுமாறும், நான்கில் ஹிட் பாயின்ட் உச்சவரம்பு பாதி, ஐந்தில் நகரவே முடியாது, ஆறில் சாவு. புதியதில் ஒவ்வொரு படிக்கும் டி20 உருட்டலில் 2 கழியும், வேகத்தில் 5 அடி குறையும், ஆறில் சாவு மட்டும் அப்படியே. புதியதுதான் மனத்தில் நிற்க எளிது, செயலியும் தானே கழித்துக்கொள்ளும்.

ஆனால் மணலில் நடக்கும்போது இரண்டும் வேறு கதை. இரண்டாம் படியில் 30 அடி வேகம் பழையதில் 15, புதியதில் 20. பழையதில் ஒருத்தன் இரண்டாம் படிக்குப் போனால் கூட்டமே பாதி வேகத்தில் நடக்க வேண்டும், இல்லையென்றால் அவனை விட்டுவிட்டுப் போக வேண்டும், இரண்டு நாள் வழி நாலு நாள் வழி ஆகும், கொண்டுவந்த தண்ணீரோ இரண்டு நாளுக்கு. 38 டிகிரிக்கு மேல் வெயில் என்றால், குடிக்கத் தண்ணீர் இல்லாதவன் மணிக்கு ஒரு தடவை கான்ஸ்டிட்யூஷன் (உடல் தாங்கும் சக்தி) சேவ் போட வேண்டும், முதல் மணிக்கு 5 எடுத்தால் போதும், மணிக்கு ஒன்றாக ஏறும், கனத்த கவசம் போட்டவனுக்குத் தடுமாற்றம். பாலடினைப் பார்த்தேன். பாலடின் என்னைப் பார்த்தான்.

"கவசத்தைக் கழட்டுதேன் அண்ணே." கழற்றினான். கழற்றியதும் மணலுக்குள்ளிருந்து எலும்புக்கூடுகள் எழுந்தன, இதை நான் முன்பே எழுதி வைத்திருந்தேன், அவன் நம்பவில்லை. மதினியும் ரோக்கும் இரண்டாம் படியில், அத்தானின் விசார்ட் மூன்றாம் படியில், தண்ணீர்த் தோல்பை ஒன்று கிழிந்தது. கணக்கெல்லாம் செயலியில் ஒன்றும் பார்க்கவில்லை. ஆளுக்கொரு தபால் அட்டை அளவுச் சீட்டில் ஆறு படியையும் எழுதிக் கொடுத்திருந்தேன், அதன் மேல் புளியங்கொட்டை வைத்து நகர்த்தினோம். அதுதான் இன்றைக்கு மேசையில் எல்லாரும் குனிந்து பார்த்த ஒரே பொருள்.

ஜூலை 12, சனிக்கிழமை

இந்த வாரம் ராத்திரிகளில், இணையத்தில் சேர்ந்து ஆட உதவும் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளை என் பழைய லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் போதும், ஆடுகிறவர்கள் பிரவுசரில் சேரலாம், உலகம் முழுவதற்கும் பழைய விதியா புதிய விதியா என்று ஒரே இடத்தில் தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கிறது. இப்படி வெளிப்படையாகக் கேட்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் கைபேசியில் அது ஒழுங்காக ஓடாது, மாடியில் இருக்கிற மூவரிடமும் கைபேசிதான். அடுத்த கேம்பெயினுக்குப் பார்க்கலாம்.

இப்போதைக்கு ஏற்பாடு இது. தம்பியின் பாலடினைப் பழைய வகுப்பில் முதலிலிருந்து மறுபடி செய்தோம், ஸ்மைட் இரண்டும் திரும்ப வந்தன. க்யூர் வூண்ட்ஸ் மட்டும் புதியதாகவே இருக்கட்டும் என்று மதினி கேட்டார், தேரியில் பட்ட பாட்டுக்கு எல்லாரும் சரி என்றார்கள். மருந்துக் குப்பியைப் போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம் என்ற 2024 விதியையும் எடுத்துக்கொண்டோம், அதை நாங்கள் 2019இலிருந்தே அப்படித்தான் ஆடுகிறோம், இப்போது புத்தகம் எங்களோடு சேர்ந்துகொண்டது. களைப்பு பழையதுதான், அதில் பேச்சில்லை. கூட்டல் கழித்தல் செயலிக்கு, தகராறு வந்தால் அட்டை பிய்ந்த 2014 புத்தகம்.

தீராமல் இருப்பது ஆயுத மாஸ்டரி ஒன்றுதான். தம்பிக்கு நீள்வாளின் 'சாப்' வேண்டுமாம், ஸ்மைட் இரண்டையும் வைத்துக்கொண்டு இதையும் கேட்கிறான். ரோக்குக்கும் மாஸ்டரி கிடைக்கும் என்று தெரிந்ததும் நண்பன் அவன் பக்கம் சாய்ந்துவிட்டான். அத்தான் எதிர்க்கிறார், விசார்டுக்கு அதில் ஒன்றும் கிடையாது. 20ஆம் தேதி ஆட்டத்துக்கு முன்னால் வாக்கெடுப்பு. மதினியை இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போனில் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி.