கேட்டாள்

ஜனவரி 5
திருவெம்பாவை இருபதும் நேற்றோடு முடிந்தது, இன்று திருப்பள்ளியெழுச்சி. ஒலிபெருக்கி அலறுவதற்கு முன்பே அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.
"உங்க பேர் என்னம்மா?"
சொன்னேன்.
"எந்த ஊரு?"
"இதே மயிலாப்பூர்தான்."
"நல்ல ஊரு."

ஜனவரி 6
வாசலுக்குப் பூட்டு வாங்கினேன்.

ஜனவரி 7
தூக்கம் வரவில்லை. போன மாதம் அம்மா காணாமல் போன அந்த இரண்டு மணி நேரம் திரும்பத் திரும்ப ஓடுகிறது. தெப்பக்குளத்தைச் சுற்றி நான் அழாத குறையாக அலைகிறேன், அவளோ பூக்காரம்மா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாழைநாரில் சாமந்தி கட்டிக்கொண்டிருக்கிறாள். கண் எங்கோ இருக்கிறது, விரல் மட்டும் தப்பாமல் முடிச்சுப் போடுகிறது. "நாலு முழம் கட்டிட்டாங்க" என்றார் பூக்காரம்மா. காசு கொடுக்க வந்தார். வாங்கவில்லை. வாங்கி அம்மா கையில் கொடுத்திருக்கலாம்.

ஜனவரி 8
விளக்கேற்றியதும் பாடினாள். 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்', அப்பரின் ஆரூர்த் தாண்டகம், ஆறாம் திருமுறை. மத்தியானம் சாப்பிட்டோமா என்பது தெரியாதவளுக்கு எட்டு வரியும் சுத்தமாக வருகிறது.

சின்ன வயதில் இதை உருகி உருகிக் கேட்டிருக்கிறேன். ஒரு பெண் சிவனின் பெயரைக் கேட்டாள், வண்ணம் கேட்டாள், ஊரைக் கேட்டாள், அவன்மேல் பித்தாகிப் பிச்சி ஆனாள், கடைசியில் 'தன்னை மறந்தாள் தன் நாமம் கெட்டாள்'. அன்பு ஒரு ஆளை இப்படி அடியோடு மாற்றிவிடுமாம். இன்று அந்த வரி வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். தன் பெயர் கெட்டுப்போன ஒருத்திக்குத் தினமும் நான் தலை வாரிவிடுகிறேன், அதில் உருக என்ன இருக்கிறது? அந்தப் பெண் நிறைந்து நிறைந்து மறந்தாள். இவள் காலியாகி மறக்கிறாள். இரண்டும் ஒன்றா?

இன்னொன்று. பாட்டில் பேசுவது அவள் இல்லை, பக்கத்தில் இருந்து பார்க்கிற யாரோ. 'அன்னையையும் அத்தனையும் அன்றே நீத்தாள்' என்று சொல்லிவிட்டு அந்த அன்னையை அப்படியே விட்டுவிடுகிறது பாட்டு. அவள் அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டாளோ.

ஜனவரி 9
டாக்டரிடம் மூன்று மணி நேரம் காத்திருந்து ஐந்து நிமிடம் பார்த்தோம். மாத்திரை ஒன்று இரண்டாயிற்று.

ஜனவரி 10
அக்கா போன். 'ஹோம்' என்ற சொல்லை நாலு தடவை சொன்னாள். நான் பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜனவரி 12
பாத்திரம் தேய்க்கும்போது சட்டென்று உறைத்தது. பாட்டில் 'கேட்டாள்' என்றால் காதில் விழுந்தது. அம்மாவும்தான் கேட்கிறாள், வாய் திறந்து. முதலில் பேர், அப்புறம் ஊர். வரிசை கூட மாறவில்லை! இத்தனை நாள் எரிச்சலோடு பதில் சொல்லியிருக்கிறேன். இன்று என் பெயரைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன். "அழகா இருக்கே, யாரு வச்சாங்க?" என்றாள். நீதான் என்றேன். வெட்கப்பட்டாள்.

ஜனவரி 13
போகி. தெருவெல்லாம் புகை, ஜன்னலை அடைத்தாயிற்று. காபி கொடுத்தேன், குடித்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். மணி பதினொன்று. இன்னும் கேட்கவில்லை.