பின்பலகை

ஜூலை 27, ஞாயிறு

போயிருக்கக் கூடாது. அம்மாவை அத்தையிடம் விட்டுவிட்டு, மாத்திரை வாங்கிவருகிறேன் என்று கிளம்பியவள், மாட்டுத்தாவணியில் காரைக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பழஞ்சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் எதைத் தொட்டாலும் பர்மா தேக்கு. போதிகை, அஞ்சறைப்பெட்டி, முறுக்கு நாழி, ஒரு கால் போன நாற்காலி, எல்லாமே ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவையாம். எனாமல் தூக்குகளுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி ஒரு கணக்குப்பிள்ளை மேசை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிற வகை. சாய்வான மூடி, பித்தளைக் கீல், உள்ளே காசு போட ஐந்து அறைகள். 9,500 ரூபாய் சொன்னார். 6,000-க்குத் தந்தார். இன்னும் ஆயிரம் குறைத்துக் கேட்டிருக்கலாம் என்று பஸ் நகர்ந்த பிறகு தோன்றியது. நடத்துநர் மேசைக்கும் டிக்கெட் போட்டார்.

மாத்திரை வாங்கவில்லை.

ஜூலை 28

அம்மா கட்டிலில் இருந்தபடியே மேசையைப் பார்த்தாள். "யார் வீட்டுச் சாமானோ. ஆடி மாதத்தில் எதையடி தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்?"

படுத்துக்கொண்டே சாப்பிட, படிக்க, மடிமேல் வைத்துக்கொள்ள இதை மாற்றித் தரப் போகிறேன் என்றேன். "இதை என் மடியில் வைத்தால் நான் அப்படியே போய்ச் சேர்ந்துவிடுவேன்."

பழைய பேப்பர்காரர் தராசில் நிறுத்தார். 11 கிலோ.

ஜூலை 29

சீயக்காய் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து மூடியைத் துடைத்தேன். முதலில் கறுப்பாக அழுக்கு வந்தது. பிறகு மஞ்சள். அலசிவிட்டு மறுபடி துடைத்தால் மறுபடி மஞ்சள். தேக்கு இப்படிச் சாயம் விடாது. கீழே கிடந்த ஒரு சிம்பை எடுத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தேன். அரை மணி நேரத்தில் தண்ணீர் தேன் நிறமானது. ஓரத்தில் சாய்த்துப் பார்த்தால் மயில்கழுத்து நீலம் ஓடுகிறது. வேங்கை! அதனால்தான் இந்தக் கனம்.

ஏமாந்தேன் என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அப்படி இல்லை. பர்மா என்ற சொல்லுக்கு விலை வைக்கிற தெருவில் வேங்கை கிடைத்தது என் அதிர்ஷ்டம். மூலைப் பொருத்துகளில் இரும்பே இல்லை, மூங்கில் ஆணிதான் அடித்திருக்கிறார்கள். இரும்பாணியாக இருந்தால் துரு ஊறி ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுத்திருக்கும்.

தம்ளரைக் கண்டதும் அம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது. வேங்கைத் தண்ணீர் சர்க்கரைக்கு நல்லது, கொண்டா குடிக்கிறேன் என்கிறாள். யார் யார் கை பட்டதோ, எந்தப் பாலிஷோ. கொட்டிவிட்டேன். அதற்கு ஒரு சண்டை.

ஜூலை 30

ஆஸ்பத்திரியில் பத்து நாள் என்றார்கள். நான்கு போயிற்று.

ஜூலை 31

மேசையைத் திருப்பி வைத்தபோதுதான் பார்த்தேன். பின்பலகை மட்டும் வேறு மரம். வெளுத்து, லேசாக, மாமரம் போல. சுவர்ப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மலிவான பலகையைப் போட்டிருக்கிறார்கள். அதில் குண்டூசித் தலை அளவில் துளைகள். எண்ணினேன். இருபத்து மூன்று. மறுபடி எண்ணியபோது இருபத்தாறு.

தரையில் மாவு போல ஒரு சிட்டிகைப் பொடி. ஆனால் எங்கள் தரை மொசைக், வெள்ளைப் பொடி அதில் சரியாகத் தெரியாது. கறுப்புக் காகிதம் தேடினேன், வீட்டில் இல்லை. பீரோவின் மேல் அம்மாவின் எக்ஸ்ரே படங்கள் இருந்தன. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒன்றை எடுத்துப் பின்பலகைக்கு அடியில் விரித்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, ஆடி வெள்ளி

காலையில் விளக்கேற்றுவதற்கு முன் படத்தை இழுத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பொடி.

ஆசாரி வந்தார். பலகையில் விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். வேங்கையின் வைரத்துக்குள், அதாவது முற்றிய நடுமரத்துக்குள், இந்த வண்டு போகாதாம். வெளிறு என்கிற ஓரத்து இளமரமும் மாம்பலகையும்தான் இதற்குத் தீனி. "துளை இருக்கிற இடத்தில் வண்டு இல்லை, டீச்சர். துளை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டது. உள்ளே புழுவாக இருப்பதற்குத் துளை கிடையாது. அது வெளியே வருகிறவரை நமக்குத் தெரியாது."

எடுத்துவிடலாம் என்கிறார், ஒரு மணி நேர வேலையாம். இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

இரவு: கேரம் பலகைக்குப் போடும் போரிக் பவுடரை வெந்நீரில் கரைத்து, அம்மாவின் இன்சுலின் ஊசியால் ஒவ்வொரு துளையிலும் ஏற்றினேன். அவ்வளவு மெல்லிய ஊசி வேறு எங்கே கிடைக்கும். இருபத்தாறுதான்.

ஆகஸ்ட் 2

பொடி இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, பதினெட்டாம் பெருக்கு

பொடி இல்லை. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கீலைக் கழற்றி மூடியை மட்டும் தனியாக எடுத்துக் கட்டிலில் இரண்டு தலையணைக்கு இடையில் சாய்த்துக் கொடுத்தேன். வாரப் பத்திரிகையை அதில் நிறுத்திப் படிக்கிறாள். கீழ்விளிம்பில் இருக்கும் சட்டம் புத்தகம் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. பேரேடு வழுக்காமலிருக்க வைத்த சட்டம்.

மத்தியானம் முழுக்க அந்தப் பேரேடு மனதை விட்டுப் போகவில்லை. பழஞ்சாமான் என்றாலே எல்லோருக்கும் கண் கசிகிறது. எனக்கு வட்டிக் கணக்கு நினைவுக்கு வருகிறது. 1930-இல் உலகமெங்கும் விலை சரிந்தபோது பர்மாவில் நெல்லும் விழுந்தது. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, 1938-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் பெயரில் வந்திருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் அந்தக் கணக்கெல்லாம் அங்கேயே நின்றது. இந்த மூடியின் மேல் யார் என்ன எழுதினார்கள் என்று நான் கண்டேனா? மதகுபட்டியில் எண்ணெய்க் கணக்கு எழுதிய மேசையாகவும் இருக்கலாம். வலது மூலையில் மைக்கூடு வைத்து வைத்து ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. உப்புத்தாளை எடுத்தேன். அம்மா, "அதை மட்டும் தேய்க்காதே" என்றாள்.

தேய்க்கவில்லை. ஆளிவிதை எண்ணெய் மட்டும், துணியால், மிக மெல்லியதாக ஒரு கை.

ஆகஸ்ட் 4

பொடி.

கொஞ்சம்தான். நேற்று கீல் கழற்றும்போது மேசையை ஆட்டியிருக்கிறேன், பழைய பொடி உதிர்ந்திருக்கலாம். அண்ணன் வேறு சென்னையிலிருந்து வந்து, பார்க்கட்டும் என்று நகர்த்தினான். பழைய பொடி பழுப்பாக இருக்க வேண்டும். இது வெளுப்பாக இருக்கிறதா, பழுப்பாக இருக்கிறதா? டியூப்லைட்டில் ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று. விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழவழப்பு. அண்ணன் எட்டிப் பார்த்து, "இது அம்மாவின் படமா?" என்று கேட்டான். பழைய படம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

படத்தைத் துடைத்து மறுபடி அதே இடத்தில் வைத்தேன். யாரும் மேசையைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இரவு 11. டார்ச் அடித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பத்தாவது நாள். பதினொரு மணிக்கு மேல் வரச் சொன்னார்கள்.

ஆசாரி ஒன்பதுக்கு வருகிறார். நான் இல்லாவிட்டாலும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். புதுப் பலகைக்கு அளவு: நீளம் 22 அங்குலம், உயரம் 9, கனம் அரை அங்குலம். வேங்கையே போடச் சொல்ல வேண்டும். மூங்கில் ஆணி. ஆட்டோ வந்துவிட்டது, அம்மா செருப்பைத் தேடுகிறாள்