பெயர் வாசிக்கும் மேசையில் ஒரு நாள்

2024 ஆகஸ்ட் மாதக் கடைசியில் எங்கள் பாடசாலை அதிபர் என்னை அழைத்து ஒரு கடித உறையைத் தந்தார். செப்டெம்பர் 21ஆம் திகதி நடக்கவிருந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பு நிலைய அலுவலராக என்னை நியமித்திருந்தார்கள். பத்து வருடங்களாகத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தேர்தல் கடமை எனக்கு அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் சொன்னேன். அவருக்கு அப்போது 88 வயது. கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இடாப்பில் நம் ஆட்கள் பெயரெல்லாம் இருக்குமா தாயி?” என்று மட்டும் கேட்டார். இடாப்பு என்றால் வாக்காளர் பட்டியல்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த எங்கள் மலையகத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாத்தா 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்தவர். அந்தத் தேர்தலில்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனார். அடுத்த வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, வாக்கு குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். 1952 தேர்தல் வந்தபோது தாத்தாவின் பெயர் இடாப்பில் இல்லை. அதே லயத்து வரிசை வீடு, அதே மலை, அதே கொழுந்துக் கூடை; வாக்கு மட்டும் போய்விட்டது. அப்பாயி கலியாணம் செய்து வந்தது அதற்குப் பிறகு. 2003இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துத்தான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. 2005 நவம்பரில், 69ஆவது வயதில், தன் வாழ்க்கையின் முதல் வாக்கைப் போட்டார். தாத்தா அதைப் பார்க்க இருக்கவில்லை.

பயிற்சி வகுப்பு ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. முன்னூறு பேருக்கு மேல் இருந்தோம். பாதிக்குப் பாதி தமிழ் ஆசிரியர்கள். விளக்கம் முழுவதும் சிங்களத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டாம் மொழிப் பரீட்சை எழுதித் தேறியவள், எனக்கு விளங்கியது. ஆனால் பக்கத்தில் இருந்த இளம் ஆசிரியை கையேட்டின் தமிழ்ப் பக்கத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எதையும் குறிக்க முடியாமல் தவித்தார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஒரு தேர்தல் வகுப்பில் தமிழில் சொல்ல ஆள் இல்லை என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. எழுந்து கேட்டேன். நடத்திக்கொண்டிருந்த அலுவலர் கோபிக்கவில்லை. “மிஸ், நீங்களே வந்து சொல்லுங்கள்” என்றார். அன்று பிற்பகல் முழுவதும் அவர் ஒரு பகுதியைச் சொல்ல, நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். இதைச் செய்ததால் விதிகள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. அடுத்த முறை கடமைக்குப் போகிறவர்களுக்கு என் ஒரே ஆலோசனை, விளங்காவிட்டால் அங்கேயே எழுந்து கேளுங்கள் என்பதுதான். விடியற்காலை ஆறு மணிக்கு வாக்குப் பெட்டியை வைத்துக்கொண்டு கேட்க ஆள் இருக்காது.

கடமையில் இருப்பவர்கள் தபால் மூலம் முன்கூட்டியே வாக்களித்துவிட வேண்டும். செப்டெம்பர் தொடக்கத்தில் அது முடிந்தது.

20ஆம் திகதி காலை நுவரெலியாவுக்குப் போனோம். வாக்குச்சீட்டுகள், பெட்டி, முத்திரை, மை, இடாப்புப் பிரதிகள், மெழுகு, நூல், அட்டைத் தடுப்புகள் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கையெழுத்திட்டு வாங்க மதியம் தாண்டிவிட்டது. பிறகு பொலிசார் துணையோடு பஸ். எங்களுக்குக் கிடைத்தது கொத்மலைத் தொகுதியில் ஒரு சிங்களப் பாடசாலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம், இந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம். இரண்டுக்கும் ஒரே நிலையம். இரவு வகுப்பறை மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். குளிர் எலும்பைத் துளைத்தது. கிராமத்துப் பெண் ஒருவர் ஒரு பெரிய கேத்தல் நிறையத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலர் ஒரு சிங்களப் பெண்மணி. ஓய்வு பெற இரண்டு வருடம் இருப்பதாகச் சொன்னார். இடாப்பைப் புரட்டிப் பார்த்தார். ஏறக்குறைய சரிபாதி தமிழ்ப் பெயர்கள். “தமிழ்ப் பெயர்களை நீங்கள் வாசியுங்கள், சிங்களப் பெயர்களை இவர் வாசிக்கட்டும்” என்று என்னையும் இன்னொரு ஆசிரியரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். “நான் வாசித்தால் அவர்களுடைய பெயர் அவர்களுக்கே தெரியாது” என்றார். நிறைய தேர்தல் பார்த்த அனுபவம் அதில் தெரிந்தது.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் வாசிப்பு ஒரு சடங்காகத் தோன்றலாம். ஆனால் முழு நடைமுறையும் இதில்தான் நிற்கிறது. வாக்காளர் அட்டையையும் அடையாள அட்டையையும் நீட்டுகிறார். நாங்கள் தொடரிலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிக்கிறோம். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர்களின் முகவர்கள் தங்கள் பிரதியில் கோடு போடுகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் அந்த நொடியில்தான் சொல்ல வேண்டும். அதன் பிறகு இடது சின்ன விரலில் மை, பிறகு வாக்குச்சீட்டு, பிறகு மறைப்புக்குப் பின்னால் அவரும் அவருடைய மனமும்.

ஏழு மணிக்கு முன் வெற்றுப் பெட்டியை முகவர்களுக்குத் திறந்து காட்டி முத்திரையிட்டோம். கதவு திறந்தபோது தோட்டத்து ஆட்கள் முற்றம் வரை வரிசையில் நின்றார்கள். சனிக்கிழமை. பெண்கள் கோயிலுக்குப் போவதைப் போலத் தலையில் பூ வைத்து வந்திருந்தார்கள்.

ஒன்பது மணி இருக்கும். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா வந்தார். அடையாள அட்டையில் சிங்கள எழுத்தில் ‘லெச்சிமி’ என்று இருந்தது. இடாப்பில் ‘லட்சுமி’. தகப்பன் பெயரின் முதல் எழுத்தும் மாறியிருந்தது. ஒரு முகவர் கை தூக்கினார். அவர் மீது குறை சொல்ல மாட்டேன், அதற்காகத்தான் அவரை உட்காரவைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் முகம் வெளிறியது. வாக்காளர் அட்டையும் அவரிடம் இல்லை. தோட்டத்துக்கு வந்த கடிதங்கள் ஒரு மூட்டையாகக் கிடந்து கடைசி நாளில் கலைந்துபோனதாம். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாத இடங்களில் இது எப்போதும் நடப்பதுதான். வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் அடையாள அட்டை இருந்தால் வாக்களிக்கலாம். சிக்கல் பெயரில்தான்.

தலைமை அலுவலர் எழுந்து வந்தார். அவர் சிங்களத்தில் கேட்க, நான் தமிழில் கேட்டேன்: “அம்மா, உங்கள் வீட்டில் யார் யாருக்கு வாக்கு இருக்கிறது?” அவர் கண்களை மூடிக்கொண்டார். கணவர், மூத்த மகன், மருமகள், இளைய மகன், பேத்தி என்று வரிசையாகச் சொன்னார். நான் இடாப்பில் விரலை வைத்துக்கொண்டே போனேன். ஒரு பெயர் கூட முன்பின் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயர்களையும் தொடர்ந்து சொல்லத் தொடங்கினார். முகவர் தானாகவே கையை இறக்கிவிட்டார். தலைமை அலுவலர் வழமையான உறுதிமொழியைக் கேட்டு, வாக்குச்சீட்டைக் கொடுக்கச் சொன்னார்.

பிறப்பைப் பதிந்தவர் ஒரு மொழியில் எழுதினார். அடையாள அட்டைக்கு எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். இடாப்புக்கு எழுதியவர் தனக்குத் தெரிந்த தமிழில் திருத்தினார். மூன்று கைகளுக்குள் ஒரு மனுஷி மூன்று பெயராகிவிட்டார். அன்று மட்டும் இப்படிப் பதினொரு பேரைக் கண்டேன். யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை. ஆனால் அந்த மேசையில் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. உங்கள் வீட்டில் வயதானவர்களின் அடையாள அட்டையை எடுத்து இடாப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வருடாந்தத் திருத்தத்தின்போது கிராம உத்தியோகத்தரிடம் சொன்னால் திருத்தலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான். வாக்குச்சீட்டில் பெயர்கள் மூன்று மொழிகளிலும் இருந்தன. அது முழங்கைக்கு மேல் நீண்டது. புள்ளடி (X) போடலாம், அல்லது 1, 2, 3 என்று விருப்பு வரிசை இடலாம், இரண்டையும் கலந்தால் வாக்கு கெட்டுவிடும். இதற்கு மேல் ஓர் அலுவலர் எதுவும் சொல்லக் கூடாது. “இரண்டாவது யாருக்குப் போடுவது மிஸ்?” என்று ஓர் இளைஞன் அப்பாவியாகக் கேட்டான். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த இரண்டாவது எண்ணைப் பற்றி வெளியில் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். முதல் சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கும் கிடைத்த விருப்புகளை எண்ணிச் சேர்ப்பார்கள். சிறுபான்மை மக்களுக்கு இது பெரிய வசதி. வடக்கு கிழக்கில் சங்குச் சின்னத்தில் பா. அரியநேத்திரன் நின்றார், மலையகத்திலிருந்து மயில்வாகனம் திலகராஜ் நின்றார். தன் இனத்துக் குரலுக்கு 1 போட்டுவிட்டு, நாட்டை ஆளக்கூடியவர்களில் ஒருவருக்கு 2 போடலாம். இரண்டு விருப்பமும் நிறைவேறும். அந்தத் தேர்தலில்தான் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. முதல் சுற்றில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 சதவீதம். மற்றவர்களுக்குப் போட்டவர்கள் 33 இலட்சம் பேர். அவர்களின் சீட்டுகளிலிருந்து இந்த இருவருக்கும் சேர்ந்தது மொத்தம் 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. பத்தில் ஒன்று கூட இல்லை. எங்கள் கட்சிகள் மேடைக்கு மேடை சின்னத்தைக் காட்டின. இதோ இந்தக் கட்டத்தில் 2 என்று எழுதுங்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொல்ல ஆள் அனுப்பவில்லை. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. வாக்கை இழந்து தவித்த ஒரு சமூகத்துக்கு, கையிலிருக்கும் வாக்கின் முழுப் பலத்தையும் சொல்லிக்கொடுக்காமல் விடுவது சின்னக் குற்றமல்ல.

நான்கு மணிக்குக் கதவை மூடினோம். கொடுத்த சீட்டுகள், மிஞ்சியவை, கெட்டவை எல்லாம் கணக்கில் பொருந்த வேண்டும். ஒன்று குறைந்தது. மூன்று முறை எண்ணினோம். நான்காவது முறை இரண்டு சீட்டுகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சக ஆசிரியர் கண்டுபிடித்தார். பெட்டிக்கு முத்திரை வைத்து, முகவர்களின் கையெழுத்தையும் வாங்கி, பஸ் ஏறி, எண்ணும் நிலையத்தில் வரிசையில் நின்று பெட்டியை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கியபோது இரவாகிவிட்டது. தலைமை அலுவலர் என் கையைப் பிடித்து, “அடுத்த முறையும் நாம் ஒன்றாகப் போவோம்” என்றார்.

வீட்டில் அப்பாயி விழித்திருந்தார். தம்பி அவரை ஆட்டோவில் கூட்டிப்போய் வந்திருந்தான். மை பட்ட சின்ன விரலைக் கம்பளிக்கு வெளியே நீட்டிக் காட்டினார்.

இப்போது எனக்கு இன்னொரு குறை இருக்கிறது. மத்திய மாகாண சபைக்கு நான் கடைசியாக வாக்களித்தது 2013இல். எந்த 13ஆவது திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கியதோ, அதுவே தந்த சபை அது. எல்லை நிர்ணயச் சிக்கலில் மாகாணத் தேர்தல்கள் நின்றுவிட்டன. எங்கள் பாடசாலைக்குக் கட்டடம் கேட்டுப் போனால் பேச மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் ஒருவர் அங்கே இல்லை.

நவம்பர் 14ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. சின்ன விரலில் மை இன்னும் அழியாததால் இந்தத் தடவை ஆள்காட்டி விரலில் வைத்தார்கள். ஒரு கட்சிக்குப் புள்ளடி, அந்தக் கட்சி வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு எண். அப்பாயி இதற்குக் கிழித்த பழைய கலண்டர் தாளில் ஒரு வாரம் பயிற்சி எடுத்தார். முடிவுகள் வந்த பிறகு பத்திரிகையை எடுத்து நுவரெலியா மாவட்டத்தில் தெரிவான எட்டுப் பேரின் பெயர்களை அவருக்கு வாசித்தேன். கிருஷ்ணன் கலைச்செல்வி என்ற பெயரில் நிறுத்தச் சொன்னார். பதுளையில் அம்பிகா சாமுவேலும் தெரிவாகியிருக்கிறார், மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றம் போவது இதுதான் முதல் தடவை என்று சொன்னேன்.

“எந்தத் தோட்டத்துப் பிள்ளைகள்?” என்று கேட்டார். பிறகு இரண்டு பெயர்களையும் இன்னொரு தடவை, சத்தமாக வாசிக்கச் சொன்னார்.